4கே டைம்லைன் திக்கித் திணறுகிறது: பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகுமா?

வெட்டுக்கிளி
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக மேடை நாடகங்களையும் நேர்காணல்களையும் படம்பிடித்து, நானே எடிட் செய்து கொடுத்து வருகிறேன். போன மாதம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். அன்றைக்குப் பிடித்தது சனி. ப்ளே அழுத்தினால் இரண்டு நொடி ஓடும், நிற்கும், அப்புறம் ஒரு தாவல். ஒலி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, படம் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.

என்னிடம் இருப்பது: இன்டெல் ஐ5-12400எஃப், 16 ஜிபி ரேம் (ஒரே குச்சி), ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, விண்டோஸ் இருக்கும் 1 டிபி எஸ்எஸ்டி, படப்பிடிப்புக் கோப்புகளுக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க். மென்பொருள் டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ.

3060-ஐ விற்றுவிட்டு ஆர்டிஎக்ஸ் 4080 ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். இந்த வருடம் ஒரே ஒரு பொருள் வாங்கத்தான் கையில் வழி இருக்கிறது. தப்பாக வாங்கிவிட்டால் அடுத்த வருடம்தான். அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

இரவுக்குருவி
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரிசால்வ் முழுக்க முழுக்க ஜிபியுவை (கிராபிக்ஸ் கார்டை) நம்பி ஓடும் மென்பொருள். 4080 வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு. நான் 2060-இலிருந்து மாறியபோது கலர் கிரேடிங் வேலை பாதி நேரத்தில் முடிந்தது.

பழைய மானிட்டர்
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற பொருளா அது?

பழைய கேமராவின் கோப்புகள் இதே கணினியில் நன்றாக ஓடின என்கிறீர்கள். கணினி மாறவில்லை, கோப்புதான் மாறியிருக்கிறது. ஆக முதலில் கோப்பைப் பார்ப்போம். மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் பழைய கோப்பு ஒன்றையும் புதிய கோப்பு ஒன்றையும் திறந்து, கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), பிட் டெப்த் (நிறப் படிகளின் அளவு), குரோமா சப்சாம்ப்ளிங் (நிறத் தகவலை எவ்வளவு குறைத்திருக்கிறது என்பது, 4:2:0 மாதிரி எண்), ஃப்ரேம் ரேட், பிட் ரேட் இந்த ஐந்தையும் இங்கே போடுங்கள்.

அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு டைம்லைனை ஓட்டுங்கள். ஜிபியு பக்கத்தில் நான்கு சின்ன வரைபடங்கள் தெரியும். அதில் ‘வீடியோ டிகோட்’ (சுருக்கிய வீடியோவை விரித்துப் படிப்பது) என்ற வரைபடம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். சிபியு எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டுக்கிளி
பார்த்துவிட்டேன் அண்ணா.

பழைய கேமரா: எச்.264, 8 பிட், 4:2:0, 25 ஃப்ரேம், நொடிக்கு 100 மெகாபிட்.
புதிய கேமரா: எச்.265, 10 பிட், 4:2:2, 50 ஃப்ரேம், நொடிக்கு 200 மெகாபிட். இரண்டுமே 3840 x 2160.

டைம்லைன் ஓடும்போது சிபியு 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஜிபியு 18 சதவீதம். நீங்கள் சொன்ன வீடியோ டிகோட் வரைபடம் சுத்தமாகப் பூஜ்யம். பழைய கோப்பை ஓட்டினால் அதே வரைபடம் 30 வரை ஏறுகிறது! கார்டு கெட்டுப்போய்விட்டதா?

பழைய மானிட்டர்
கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அந்த மொழி தெரியாது, அவ்வளவுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்ற முடிவெல்லாம் தானாக வரும்.

எச்.264 (2003), எச்.265 (2013) இரண்டும் பார்ப்பதற்காகவும் அனுப்புவதற்காகவும் செய்யப்பட்டவை, வெட்டுவதற்காக அல்ல. கடைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் எல்லாம் முழுதாக எழுதியிருக்கும். அடுத்தடுத்த வரிகளில் ‘மேற்படி, மேற்படி’ என்று போட்டு, மாறியதை மட்டும் எழுதியிருப்பார்கள். இந்தக் கோடெக்குகளும் அப்படித்தான். எப்போதாவது ஒரு முழு ஃப்ரேம், நடுவில் உள்ளதெல்லாம் மேற்படி. சில ஃப்ரேம்கள் பின்னால் வரப்போகும் வரியைப் பார்த்துக்கூட மேற்படி போடும். நீங்கள் டைம்லைனில் நடுவில் ஓர் இடத்தைச் சொடுக்கினால், கணினி பின்னால் போய் முழு ஃப்ரேமைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுத்தான் நீங்கள் கேட்ட படத்தைக் காட்ட வேண்டும். ரிவர்ஸில் ஓட்டினால் இன்னும் கொடுமை.

இந்தக் கணக்கைப் போட ப்ராசஸரிலும் கிராபிக்ஸ் கார்டிலும் தனியாக ஒரு சின்னப் பகுதி உண்டு. இன்டெலில் அதன் பெயர் க்விக் சிங்க், என்விடியாவில் என்விடெக். இந்தப் பகுதிக்குக் கார்டின் விலையோடும் பலத்தோடும் பெரிய சம்பந்தம் இல்லை. எந்தத் தலைமுறையில் எந்த வகைக் கோப்பு தெரியும் என்பதுதான் விஷயம். எச்.265 4:2:2 10 பிட்டை என்விடியாவின் 30 வரிசையும் 40 வரிசையும் படிக்காது. வேடிக்கை என்னவென்றால் 4:2:0 தெரியும், 4:4:4 கூடத் தெரியும், நடுவில் உள்ள 4:2:2 மட்டும் தெரியாது. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் அதைச் சேர்த்தார்கள்.

அதாவது 4080 வாங்கி மாட்டியிருந்தால் இதே நொண்டல் அப்படியே இருந்திருக்கும்.

இனி சோகமான பகுதி. இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் 11-ஆம் தலைமுறையிலிருந்து க்விக் சிங்க் இந்த வகைக் கோப்பைப் படிக்கும். உங்களுடையது 12-ஆம் தலைமுறை. ஆனால் கடைசியில் ‘எஃப்’ என்று ஓர் எழுத்து இருக்கிறதே, அதற்கு உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். கிராபிக்ஸ் இல்லையென்றால் க்விக் சிங்க்கும் இல்லை. விளையாடுகிறவர்களுக்கு அந்த எழுத்து லாபம், எடிட் செய்கிறவர்களுக்கு நஷ்டம்.

வெட்டுக்கிளி
தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த எஃப் கொஞ்சம் மலிவு என்று நானே தேடிப்பிடித்து வாங்கினேன்.

இரவுக்குருவி
சரி, டிகோட் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். என்னுடைய கோப்புகள் எல்லாம் 4:2:0 என்பதால் எனக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை.

ஆனாலும் ஜிபியு வேண்டாம் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடாதீர்கள். டிகோட் என்பது வாசல் கதவு மட்டும். உள்ளே வந்த பிறகு கலர், நாய்ஸ் ரிடக்‌ஷன், ஃப்யூஷன் (ரிசால்வின் எஃபெக்ட்ஸ் பகுதி) எல்லாம் ஜிபியுவின் பொறுப்பு. ரிசால்வ் உள்ளுக்குள் 32 பிட் மிதவைப் புள்ளியில் கணக்குப் போடுகிறது. ஒரு 4கே ஃப்ரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் நான்கு சேனல், சேனலுக்கு 4 பைட் என்றால் ஒரே ஒரு ஃப்ரேம் கார்டின் நினைவகத்தில் கிட்டத்தட்ட 133 எம்பி பிடிக்கும். டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஐந்தாறு நோடு (அடுத்தடுத்த திருத்தப் படிகள்) போட்டால் 8 ஜிபி கார்டு மூச்சு முட்டி, ‘ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது’ என்று செய்தி காட்டும். உங்கள் 3060-இல் 12 ஜிபி இருப்பது அந்த வகையில் நல்ல விஷயம். அதை விற்காதீர்கள்.

பழைய மானிட்டர்
இரவுக்குருவி சொல்வது முழுக்கச் சரி. கார்டில் 8 ஜிபியா 12 ஜிபியா என்பது, அடுத்த மாடலா என்பதைவிட எடிட்டிங்கில் பல நேரம் முக்கியம்.

ஒலிவாங்கி
எதுவும் வாங்காமலே இரண்டு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே.

ஒன்று, கேமரா மெனுவில் 4:2:2-ஐ 4:2:0 10 பிட் என்று மாற்றிவிடுவது. எச்.265 4:2:0 10 பிட்டை 3060 அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். எல்லாக் கேமராவிலும் இந்தத் தேர்வு இருக்காது, உங்களுடையதில் இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று ப்ராக்ஸி, அதாவது வெட்டுவதற்காக மட்டும் செய்துகொள்ளும் சின்ன நகல் கோப்பு. ராத்திரி படுக்கப் போகும்முன் எல்லாக் கிளிப்பையும் தேர்ந்தெடுத்து, பாதி அல்லது கால் அளவில் ப்ராக்ஸி செய்யச் சொல்லிவிடுங்கள். காலையில் தயாராக இருக்கும். வெட்டுவதெல்லாம் ப்ராக்ஸியில், கடைசியில் எக்ஸ்போர்ட் மட்டும் மூலக் கோப்பிலிருந்து. நான் ஒன்பது வருடப் பழைய கணினியில் மூன்று கேமரா கச்சேரி வெட்டுகிறேன். ப்ராக்ஸி இல்லாமல் இது நடக்காது.

ஒரே ஓர் எச்சரிக்கை: ப்ராக்ஸியையும் எச்.264-இல் செய்தால் பழைய மானிட்டர் சொன்ன மேற்படிக் கதை மறுபடி வரும். டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி அல்லது ப்ரோரெஸ் ப்ராக்ஸி மாதிரி ஒவ்வொரு ஃப்ரேமும் முழுதாக இருக்கிற கோடெக்கில் செய்யுங்கள். இடம் அதிகம் பிடிக்கும், ஆனால் டைம்லைன் வெண்ணெய் போல வழுக்கும்.

வெட்டுக்கிளி
4:2:0-க்கு இறங்கினால் படத்தின் தரம் போய்விடாதா? 4:2:2 இருக்கிறது என்றுதானே இந்தக் கேமராவையே வாங்கினேன்.

பழைய மானிட்டர்
வெளிச்சத் தகவல் இரண்டிலும் ஒன்றுதான், முழு 3840 x 2160. நிறத் தகவல்தான் வேறு: 4:2:2-இல் அது 1920 x 2160, 4:2:0-இல் 1920 x 1080. நம் கண் வெளிச்சத்தைப் பார்க்கிற நுணுக்கத்தோடு நிறத்தைப் பார்ப்பதில்லை. கடைசியில் இணையத்தில் ஏறும் வீடியோவும் பெரும்பாலும் 4:2:0-ஆகத்தான் போகிறது.

பச்சைத்திரை வைத்துப் பின்னணியை எடுக்கும்போது 4:2:2-இன் அருமை தெரியும், முடி ஓரங்கள் சுத்தமாக வரும். மேடை விளக்குகளில் அடர் சிவப்பு, அடர் நீலம் விழும் இடங்களிலும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். நீங்கள் எடுப்பது நாடகம் என்பதால் இதைச் சொல்கிறேன். நேர்காணலுக்கு 4:2:0 தாராளமாகப் போதும்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது 10 பிட். 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. லாக் முறையில் (பின்னால் நிறம் திருத்துவதற்காகச் சப்பென்று பதிவு செய்யும் முறை) எடுத்துவிட்டு 8 பிட்டில் கிரேடு செய்தால் சுவரில் கோடு கோடாக விழும். அந்தக் கோட்டை எந்தக் கார்டும் அழிக்காது.

சட்டகம்
ரேம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் மோஷன் கிராபிக்ஸ் ஆள், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில்தான் வாழ்க்கை ஓடுகிறது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

8 பிட்டில் ஒரு 4கே ஃப்ரேம் 33 எம்பி. நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு நொடி ப்ரிவ்யூ கிட்டத்தட்ட 1 ஜிபி. ப்ராஜெக்டை 16 பிட்டுக்கு மாற்றினால் நொடிக்கு 2 ஜிபி. 16 ஜிபி ரேமில் விண்டோஸ், பிரவுசர், மென்பொருள் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு என்ன மிஞ்சும்? நாலைந்து நொடி ப்ரிவ்யூ. அதற்குமேல் முந்தையதை அழித்துவிட்டு மறுபடி ரெண்டர். நான் 64-க்குப் போனது ஆடம்பரத்துக்காக அல்ல.

வெட்டி ஒட்டுவது மட்டும்தான் வேலை என்றால் 32 போதும். ஆனால் வெட்டுக்கிளி, ஒரே குச்சி போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அது ஒற்றைச் சேனலில் ஓடுகிறது. அதே மாதிரி இன்னொரு 16 ஜிபி குச்சி போட்டால் அளவும் கூடும், ரேம் அலைவரிசையும் இரட்டிக்கும். போட்டபின் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். வேகமான ரேம் வாங்கி வருடக்கணக்கில் குறைந்த வேகத்தில் ஓட்டுகிறவர்கள் நிறைய.

மின்விசிறி
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் ஊர் ஊராகப் போய் வேலை செய்வதால் மடிக்கணினிதான் தோது. இதே விதிகள் அதற்கும் பொருந்துமா?

இரவுக்குருவி
பொருந்தும், கூடவே ஒரு பொறியும் உண்டு. மடிக்கணினியில் கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வெவ்வேறு வடிவங்கள் வருகின்றன. மெலிந்த உடம்பில் குறைந்த வாட் வைத்து அடைத்திருப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் பறக்கும், சூடு ஏறியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அரை மணி நேர எக்ஸ்போர்ட்டில்தான் குட்டு வெளிப்படும். பேட்டரியில் ஓட்டினால் இன்னும் பாதியாகிவிடும்.

ஒலிவாங்கி
மடிக்கணினி என்றால் ஆப்பிள் எம் வரிசையையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த 4:2:2 எச்.265 தலைவலியே அதில் கிடையாது, பேட்டரியிலும் வேகம் பெரிதாகக் குறையாது. ஆனால் நினைவகமும் சேமிப்பகமும் வாங்கும்போது எவ்வளவோ, மடிக்கணினியின் ஆயுள் முழுக்க அவ்வளவுதான். பிற்பாடு ரேம் கூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கோப்புக்காரி
எல்லோரும் சிலிக்கானைப் பற்றியே பேசுகிறீர்கள். கோப்பு எங்கே கிடக்கிறது என்று யாருமே கேட்கவில்லை! 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில்.

நொடிக்கு 200 மெகாபிட் என்பதை 8-ஆல் வகுத்தால் 25 மெகாபைட். ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தால் நொடிக்கு 150 மெகாபைட் அளவுக்குத் தரும். கணக்குப்படி போதும் போலத் தெரியும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கேமராக் கோப்புகள், தனி ஒலிக் கோப்பு, கேஷ் (மென்பொருளின் தற்காலிகக் கோப்புகள்) என்று நாலு இடத்திலிருந்து கேட்டால், டிஸ்க்கின் தலை அங்கும் இங்கும் ஓடி அலைந்து களைத்துவிடும்.

ப்ராக்ஸி யோசனை நல்லது, ஆனால் இடத்தையும் கணக்கில் வையுங்கள். ஆப்பிள் தரும் அட்டவணைப்படி ப்ரோரெஸ் 422, 4கே, 30 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 589 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 265 ஜிபி. அதனால் முழு அளவில் மாற்றாதீர்கள். ப்ராக்ஸி வகையில், 1080 அளவில் அதே 30 ஃப்ரேமுக்கு நொடிக்கு 45 மெகாபிட்தான் வரும்.

எஸ்எஸ்டி வாங்கினால் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை நம்பி மயங்க வேண்டாம். க்யூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும்) வகை எஸ்எஸ்டிகள் அவற்றின் உள்ளேயுள்ள வேகமான கேஷ் நிரம்பும் வரை பறக்கும். நிரம்பிய பிறகு எழுதும் வேகம் சில மாடல்களில் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு விழுந்துவிடும். 300 ஜிபி படப்பிடிப்பை ஒரே மூச்சில் இறக்குகிறவர்களுக்கு இது தெரியும். டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்), டிரேம் கேஷ் உள்ளது என்று பார்த்து வாங்குங்கள். ஜென் 4-ஆ ஜென் 5-ஆ என்று அடித்துக்கொள்ள வேண்டாம், எடிட்டிங்கில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வேலை செய்யும் டிஸ்க்கில் இருப்பது மட்டும் பேக்கப் ஆகாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஒருமுறை முழு நாள் படப்பிடிப்பை இழந்தவள் பேசுகிறேன்.

வெட்டுக்கிளி
குழப்பம் தீர்ந்த மாதிரியும் இருக்கிறது, கூடின மாதிரியும் இருக்கிறது. ஒரே பொருள் வாங்கலாம் என்றால் நீங்கள் எதை வாங்குவீர்கள்?

பழைய மானிட்டர்
உங்கள் இடத்தில் இருந்தால் ப்ராசஸரை மாற்றுவேன். உங்கள் மதர்போர்டு சாக்கெட்டிலேயே எஃப் இல்லாத ஐ5-12500 உட்காரும். எஃப் இல்லாத 12400-இல் உள்ள யுஎச்டி 730 என்ற உள் கிராபிக்ஸைவிட 12500-இல் உள்ள யுஎச்டி 770 மேல், அதில் வீடியோ எஞ்சின் இரண்டு. 13, 14-ஆம் தலைமுறை ஐ5-களும் அதே சாக்கெட்தான். அந்தப் பக்கம் போனால் பயாஸை முதலில் புதுப்பித்துவிடுங்கள். அந்தத் தலைமுறைகளில் நிலையின்மைச் சிக்கல் வந்து, 2024-இல் இன்டெல் மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டது.

மதர்போர்டில் இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் ஆர்க் ஏ380 மாதிரி ஒரு சின்ன இன்டெல் கார்டை டிகோட் வேலைக்கு மட்டும் செருகுவதும் ஒரு வழி. ஏஎம்டி ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் செய்கிற தந்திரம் இது. உங்களுக்கு ப்ராசஸர் மாற்றுவதுதான் சுத்தம். பழைய எஃப் ப்ராசஸரை விற்றால் அதில் ரேம் குச்சிக்கும் வழி பிறக்கலாம்.

இரவுக்குருவி
4080 வாங்கச் சொன்ன என்னை மன்னித்துவிடுங்கள். 12500-க்கு என் ஓட்டும்.

வெட்டுக்கிளி
மூன்று வாரம் கழித்து வருகிறேன். 12500 வாங்கி மாட்டினேன். முதல் நாள் எந்த மாற்றமும் இல்லை, அதே நொண்டல். அழுகை வராத குறை. அப்புறம்தான் தெரிந்தது, தனிக் கார்டு இருந்தால் உள் கிராபிக்ஸை மதர்போர்டு அணைத்து வைத்துவிடும் என்று. பயாஸில் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்று இருந்ததை ஆன் செய்தேன், இன்டெல் டிரைவர் போட்டேன், ரிசால்வ் ப்ரிஃபரன்ஸில் டிகோட் ஆப்ஷனில் க்விக் சிங்க்கையும் தேர்ந்தெடுத்தேன். டாஸ்க் மேனேஜரில் இப்போது இரண்டு ஜிபியு தெரிகிறது. கோப்பை ஓட்டினால் இன்டெல் பக்கத்து வீடியோ டிகோட் வரைபடம் 60-ஐத் தொடுகிறது, சிபியு 25-க்கு இறங்கிவிட்டது. கலர் வேலையை 3060 பார்த்துக்கொள்கிறது.

ஒரு கேமரா என்றால் தடையே இல்லை. இரண்டு கேமராவை மல்டிகேமில் போட்டால் மட்டும் நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னத் தடுக்கல். சிபியு, ஜிபியு எதுவும் நிரம்பவில்லை.

கோப்புக்காரி
டிஸ்க் வரைபடம் எவ்வளவு காட்டுகிறது?

வெட்டுக்கிளி
தடுக்கும் நேரத்தில் 100.

கோப்புக்காரி
நான் அப்போதே சொன்னேன். இப்போது வெட்டிக்கொண்டிருக்கும் ப்ராஜெக்டை மட்டும் எஸ்எஸ்டிக்கு நகர்த்துங்கள், முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்குக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ரிசால்வின் கேஷ் கோப்புறையும் எஸ்எஸ்டியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுக்கிளி
கேஷும் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. இரண்டையும் நகர்த்திவிட்டேன். நேற்று ராத்திரி ஒன்றரை மணி நேர நாடகத்தை இரண்டு கேமராவில் முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை. பழைய ப்ராசஸரை நண்பர் ஒருவர் விளையாட்டுக் கணினிக்கு எடுத்துக்கொண்டார். ரேம் குச்சி அடுத்த வாரம் வருகிறது.